கோறணமேந்து உத்தியோகமும் வேலை பறிபோகும் அச்சமும்

"கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்" என்பது யாழ்ப்பாணத்தில் நாமெல்லோரும் கேட்டு வளர்ந்த ஒரு பழமொழி. கவண்மென்ட் என்ற ஆங்கிலச் சொல்லே எமது முன்னோரின் வாயில் கோறணமேந்து ஆயிற்று. யாழ்ப்பாணத்தாரின் உத்தியோக மோகத்தைக் கேலி செய்வதற்கே இன்று இப்பழமொழியை எடுத்தாள்கின்றனர். மேடைப் பேச்சாளர்களும் நாடக ஆசிரியர்களும் இதனைச் சொல்லிச் சபையைச் சிரிக்க வைத்ததை நான் பல தடவைகள் கண்டிருக்கிறேன். ஆனால், இது மோகத்திற் பிறந்த வாசகம் அல்ல, அச்சத்திற் பிறந்தது என்பதே எனது அபிப்பிராயம். நாளை வேலை இருக்குமோ இல்லையோ என்ற கவலையிலிருந்து தப்புவதற்கு எமது மூதாதையர் கண்டுபிடித்த வழியே அரசாங்க உத்தியோகம். அந்த உத்தியோகமே பின்னர் அவர்களது பேரப்பிள்ளைகளுக்கு ஓயாத அச்சத்தின் இருப்பிடமாக மாறியமை, இலங்கைத் தமிழரின் சமூக வரலாற்றில் போதிய அளவு எழுதப்படாத ஓர் அத்தியாயம் ஆகும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறு இல்லை. கிணற்றில் துலா மிதித்து இறைத்த நீரிலேயே புகையிலையும் மரக்கறியும் விளைந்தன. காணிகளோ தலைமுறைக்குத் தலைமுறை துண்டாகிச் சிறுத்துக்கொண்டு வந்தன. மழை பிழைத்தாலும் புகையிலைச் சந்தை விழுந்தாலும் குடும்பம் கடனில் விழும். இந்நிலையில் அமெரிக்க மிஷனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையில் தொடங்கிய செமினரியும், அதனைத் தொடர்ந்து வந்த ஆங்கிலப் பாடசாலைகளும் ஒரு புதிய கதவைத் திறந்துவிட்டன. ஆங்கிலம் படித்தவனுக்குக் கச்சேரியில், தபாற் கந்தோரில், றெயில்வேயில் வேலை கிடைத்தது. மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் மாத முடிவில் சம்பளம் வந்தது. ஓய்வு பெற்றால் பென்சன். இறந்தால் விதவைகள் அநாதைகள் ஓய்வூதியம். கமக்காரனின் மகனுக்கு இது எத்தகைய ஆறுதலாக இருந்திருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். கொழும்பிலும் கண்டியிலும் சமறிகளில் கூடி வாழ்ந்து, மிச்சம் பிடித்த பணத்தை ஊருக்கு அனுப்பிய அந்த எழுதுவினைஞர்களால்தான் யாழ்ப்பாணத்துக்கு "மணியோடர் பொருளாதாரம்" என்ற பெயரே வந்தது. கலியாணச் சந்தையில் அரசாங்க உத்தியோகத்தனுக்குச் சீதனம் உயர்ந்ததும் இதே காரணத்தினாலேயே. மாப்பிள்ளையின் அழகுக்கோ குணத்துக்கோ அல்ல, அவனது வேலையின் நிரந்தரத்துக்கே அந்த விலை கொடுக்கப்பட்டது.

இலங்கையில் இடம் போதாதவர்கள் மலாயாவுக்குக் கப்பல் ஏறினர். அங்கு றெயில்வேயிலும் அளவைத் திணைக்களத்திலும் திறைசேரியிலும் பணியாற்றித் திரும்பிய "மலாயன் பென்சனியர்" கட்டிய கல்வீடுகள் பலவற்றை யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் நான் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். எனினும் 1930களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதார மந்தம் தாக்கியபோது, றப்பரினதும் ஈயத்தினதும் விலை வீழ்ச்சியடைந்து, மலாயா அரசாங்கம் ஆட்குறைப்பில் இறங்கியது. அசைக்க முடியாதது என்று நம்பப்பட்ட உத்தியோகம் அசைந்ததை யாழ்ப்பாணத்தார் முதன் முதலாகக் கண்டது அப்போதுதான். கல்வீடு கட்டக் கல் அரிந்து வைத்துவிட்டு, வீடு கட்டாமலே போனவர்களும் உளர்.

சட்டம் இதனை ஒருபோதும் மறைத்ததில்லை. பிரித்தானிய முடியின் சேவகன் முடியின் விருப்பம் உள்ளவரையே பதவியில் இருப்பான் என்பது பழைய கோட்பாடு. சுதந்திரத்துடன் வந்த சோல்பரி அரசியலமைப்பும் அதனையே எழுதிவைத்தது. 1972, 1978 அரசியலமைப்புகள் முடியை அகற்றின. விருப்பம் என்ற சொல்லை அகற்றவில்லை. ஒரு கடையில் வேலை செய்த கணக்கப்பிள்ளைக்குக் காலப்போக்கில் கிடைத்த சட்டப் பாதுகாப்புகள் சில, "நிரந்தரமானதும் ஓய்வூதியத்துக்கு உரித்துடையதும்" என்று நியமனக் கடிதத்தில் எழுதி வாங்கியவனுக்குக் கிடைக்காமற் போயின. இந்த விநோதத்தை மனத்திற் கொண்டே பின்வருவனவற்றை வாசிக்க வேண்டும்.

1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க அரச கரும மொழிச் சட்டம் பற்றி அரசியற் கோணத்தில் ஏராளமாக எழுதப்பட்டுள்ளது. அதனை ஒரு கந்தோர் மேசைக்குப் பின்னால் இருந்த மனிதனின் கோணத்தில் எழுதியவர்கள் குறைவு. அவன் ஆங்கிலத்திற் பரீட்சை எழுதி, ஆங்கிலத்திற் கடமையாற்றுவதற்காக நியமிக்கப்பட்டவன். திடீரென அவனது தகைமை தகைமையல்லாமற் போயிற்று. சட்டத்தின் முழு அமுலாக்கத்துக்கு 1960 டிசம்பர் 31 வரை தவணை கொடுக்கப்பட்டிருந்தது. ஆக, நான்கரை ஆண்டுகள் அவன் நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டு இருந்தான். வேலை போய்விட்டது என்றால் வேறு வழி தேடலாம். போகப்போகிறது, ஆனால் இன்னும் போகவில்லை என்ற நிலையில் மனிதனால் எதையும் தேட முடிவதில்லை. காணி வாங்கலாமா, மகளுக்குக் கலியாணம் பேசலாமா, பிள்ளைகளைக் கொழும்பில் படிக்க வைக்கலாமா என்று எதிலும் ஒரு முடிவுக்கு வர இயலாமல் அந்த ஆண்டுகள் கழிந்தன என்று அக்காலத்து எழுதுவினைஞர்கள் பலர் என்னிடம் சொல்லியிருக்கின்றனர்.

1961ஆம் ஆண்டு டிசம்பரில் திறைசேரி ஒரு சுற்றுநிருபத்தை வெளியிட்டது. அதன் இலக்கம் 560. பழைய உத்தியோகத்தர்களும் சிங்களத் தேர்ச்சிப் பரீட்சையில் குறிப்பிட்ட கால எல்லைக்குள் படிப்படியாகச் சித்தியெய்த வேண்டும், இல்லையேல் சம்பள ஏற்றம் நிறுத்தப்படும் என்பதே அதன் சாரம். 1956க்குப் பின்னர் சேர்ந்தவர்களின் நிலை இன்னும் மோசம். அவர்கள் சித்தியெய்தாவிடின் சேவையே முடிவுறும் அபாயம் இருந்தது.

மூன்று வகையானோரை அக்காலத்திற் காண முடிந்தது. மாலையில் கந்தோர் முடிந்ததும் சிங்கள வகுப்புக்குப் போய், நாற்பது வயதில் அகரம் எழுதிப் பழகியவர்கள் ஒரு சாரார். அவர்களைத் துரோகிகள் என்று அன்று சிலர் ஏசினர். பிள்ளைகுட்டிக்காரனை அவ்வாறு ஏசுவதற்கு எவருக்கும் உரிமை இருந்ததாக நான் கருதவில்லை. கிடைத்த பென்சனுடன் முன்கூட்டியே ஓய்வுபெற்று ஊர் திரும்பியவர்கள் இன்னொரு சாரார். மூன்றாவது சாராருள் ஒருவர் கேகாலைக் கச்சேரியில் கடமையாற்றிய செ. கோடீஸ்வரன்.

அவர் பரீட்சைக்குத் தோற்றவில்லை. 1962இல் அவருக்கு வரவேண்டிய சம்பள ஏற்றம் மறுக்கப்பட்டது. தொகை பெரிதன்று. ஆனால் அவர் அதற்காக அரசாங்கத்தின் மீது கொழும்பு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். தமிழ் அரசாங்க எழுதுவினைஞரின் தொழிற்சங்கம் அவருக்குப் பின்னால் நின்றது. இவ்விடயம் முக்கியமானது. ஓர் எழுதுவினைஞனின் சம்பளத்தில் இத்தகைய வழக்கை ஏழெட்டு ஆண்டுகள், அதுவும் இலண்டன் வரை, கொண்டு நடத்துவது எந்தத் தனி மனிதனாலும் இயலாத காரியம்.

1964இல் மாவட்ட நீதிபதி ஓ. எல். டி கிரெட்சர், அரச கரும மொழிச் சட்டம் சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவுக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தார். எந்தவொரு சமூகத்தினரையும் பாதிக்கும் வகையில் பாரபட்சமான சட்டம் இயற்றலாகாது என்பது அப்பிரிவு. அரசாங்கம் மேன்முறையீடு செய்தது. 1967இல் உயர் நீதிமன்றம் மொழிப் பிரச்சினையின் பக்கமே போகாமல், முடியின் சேவகன் தனது சம்பளத்துக்காக முடியின் மீது வழக்குத் தொடர முடியாது என்று கூறி வழக்கைத் தள்ளுபடி செய்தது. இந்தத் தீர்ப்பின் பொருளைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். தமிழ் எழுதுவினைஞனுக்கு மட்டுமல்ல, சிங்கள எழுதுவினைஞனுக்கும், கச்சேரி வாயிலில் நின்ற பியோனுக்கும் அது பொருந்தும். உனது சம்பளம் உரிமையன்று, அரசாங்கத்தின் தயவு என்பதே அதன் அர்த்தம்.

கோடீஸ்வரன் இலண்டனிலுள்ள கோமறைக் கழகத்துக்குச் சென்றார். 1969 டிசம்பரில் டிப்லொக் பிரபு வழங்கிய தீர்ப்பு உயர் நீதிமன்றத்தின் நிலைப்பாட்டை நிராகரித்தது. உழைத்த சம்பளத்துக்காக வழக்குத் தொடரும் உரிமை அரசாங்க ஊழியனுக்கு உண்டு என்று கோமறைக் கழகம் கூறியது. அரசியலமைப்புப் பிரச்சினையை ஆராயும்படி வழக்கை மீண்டும் இலங்கை உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பியது. ஆனால் அப்பிரச்சினை ஒருபோதும் தீர்க்கப்படவில்லை. 1971இல் கோமறைக் கழகத்துக்கான மேன்முறையீடுகள் ஒழிக்கப்பட்டன. 1972 மே 22இல் வந்த குடியரசு அரசியலமைப்பு சிங்களத்தை அரசியலமைப்பு ரீதியாகவே அரச கரும மொழியாக்கியது. 29ஆம் பிரிவு அதனுடன் மறைந்தது. தமிழர் இந்த வழக்கை மொழி உரிமை வழக்காகவே நினைவிற் கொள்கின்றனர். அது பிழையன்று. ஆயினும், மாதச் சம்பளம் வாங்கும் ஒவ்வோர் அரசாங்க ஊழியனுக்கும் அந்த மனிதர் பெற்றுக்கொடுத்த சிறு வெற்றி ஒன்றும் அதனுள் இருக்கிறது. அவரது சிங்கள சகாக்களுள் எத்தனை பேர் அதனை அறிந்திருந்தார்களோ!

வழக்கு நடந்த ஆண்டுகளில் வேறொரு பழக்கமும் எமது எழுதுவினைஞரிடையே வேரூன்றியது. எதையும் எழுத்தில் வாங்கு, வாங்கியதைப் பத்திரப்படுத்து என்பதே அது. நியமனக் கடிதம், நிரந்தரமாக்கிய கடிதம், ஒவ்வோர் இடமாற்றக் கட்டளை, ஒவ்வொரு சம்பள ஏற்றச் சான்று ஆகிய யாவும் துளையிட்டு நாடா கோத்து ஒரு கோவையாகத் தகரப் பெட்டிக்குள் போகும். பிள்ளைகள் தொடக்கூடாத பெட்டி அது. என் இளமையில், அயல்வீட்டில் ஓய்வுபெற்ற தபாற் கந்தோர் உத்தியோகத்தர் ஒருவர் இருந்தார். மாரி காலம் முடிந்ததும் அக்கோவையை முற்றத்து வெயிலில் காயவைத்து, பக்கத்திலே கதிரை போட்டுக் காவல் இருப்பார். "தம்பி, ஆள் பொய் சொல்லும், கடதாசி சொல்லாது" என்று எனக்கு அவர் சொன்னது நினைவிருக்கிறது. பத்திரிகைத் தொழிலுக்கு வந்த பின்னர் கடதாசியும் பொய் சொல்லும் என்று கண்டுகொண்டேன். அது வேறு கதை.

மலையகத்துக்கு வந்தால் இந்த அச்சத்தின் நிறமே வேறு. அதனை ஒப்பு நோக்காமல் யாழ்ப்பாணத்தாரின் துயரத்தை மட்டும் பேசுவது நியாயமாகாது. தோட்டத் தொழிலாளி வேலையை இழந்தால், லயத்துக் காம்பராவையும் இழந்தான். துரை பற்றுச்சீட்டைக் கையிற் கொடுத்துவிட்டால் குடும்பமே மூட்டை கட்ட வேண்டியதுதான். கடனுள்ள தொழிலாளியைத் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாற்ற உதவிய துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்டது; பற்றுச்சீட்டு ஒழியவில்லை. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானதும், அவ்வாண்டில் தோட்டங்களிற் பரவிய வேலைநிறுத்தங்களும் கூலிக்காக மட்டும் நிகழ்ந்தவையல்ல. சங்கம் அமைத்தவனுக்கு வேலையும் வீடும் ஒரே நாளில் போகும் என்ற நிலையை எதிர்த்த கிளர்ச்சிகளும் அவையே. எழுதுவினைஞனிடம் தகரப் பெட்டியாவது இருந்தது. தோட்டத் தொழிலாளியிடம் இருந்த ஒரே கடதாசி அவனை வெளியேற்றும் கடதாசிதான்.

தனியார் துறையில் நிலைமை மாறியது 1971ஆம் ஆண்டில். அவ்வாண்டின் 45ஆம் இலக்கச் சட்டம், ஊழியரின் வேலையை முடிவுறுத்துதல் தொடர்பானது, தென்னாசியாவிலேயே மிகக் கடுமையான பாதுகாப்புச் சட்டங்களுள் ஒன்று எனக் கருதப்படுவது. பதினைந்து பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் நிறுவனத்தில், ஒழுக்காற்றுக் காரணம் தவிர்ந்த வேறு எக்காரணத்துக்காகவும், ஊழியரின் எழுத்து மூலமான சம்மதமோ தொழில் ஆணையாளரின் முன் அனுமதியோ இன்றி எவரையும் நிறுத்த முடியாது. அவ்வாறு நிறுத்தினால் அது சட்டத்தின் முன் செல்லாது. முன்னரே 1957இல் தொழில் நியாய சபைகள் வழி செய்யப்பட்டிருந்தன. 1958இல் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் வந்திருந்தது. ஆக, எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு தனியார் கம்பனியின் களஞ்சியப் பொறுப்பாளன், கோறணமேந்துக்காரனை விடச் சட்டத்தின் பலமான குடையின் கீழ் நின்றான். அச்சட்டம் அரசாங்க ஊழியர்களுக்குப் பொருந்தாது!

இச்சட்டத்தின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பதினான்கு பேருடன் நிறுத்திக்கொண்ட முதலாளிமார் இருந்தனர். நூற்றெண்பது நாட்கள் பூர்த்தியாகுமுன் ஆளை மாற்றியவர்கள் இருந்தனர். பிற்காலத்தில் "மனிதவலு" முகவர்கள் வழியாக ஆள் பிடித்து, இந்த ஊழியன் எமது ஊழியனே அல்ல என்று கையை விரிக்கும் வழக்கம் கட்டுநாயக்கா போன்ற வர்த்தக வலயங்களில் பெருகியது. பாதுகாப்புப் பெற்றவனுக்கு நிம்மதி, பெறாதவனுக்கு முன்னரிலும் கூடுதலான அச்சம் என்று ஆயிற்று. இதற்காகச் சட்டமே வேண்டாம் என்று வாதிடும் பொருளியலாளர்களுடன் நான் உடன்படுவதில்லை. ஆட்குறைப்புக் கடிதம் ஒன்றைத் தம் கையில் வாங்கியவர்களின் வாதமாக அது ஒருபோதும் எனக்குப் படவில்லை.

பத்திரிகைத் துறையில் நாம் இவற்றையெல்லாம் செய்தியாக எழுதிக்கொண்டு, எமது கதிரையின் காலையும் பார்த்துக்கொண்டோம். 1974 ஏப்ரலில் அவசரகால விதிகளின் கீழ் தவச, சண், தினபதி, சிந்தாமணி ஆகியவற்றை வெளியிட்ட நிறுவனம் சீல் வைத்து மூடப்பட்டது. மூன்று ஆண்டுகள் அது திறக்கப்படவில்லை. ஒரே இரவில் வேலையற்றுப் போன எழுத்தாளர்களையும் அச்சுக் கோப்பாளர்களையும் கொழும்பு வீதிகளிற் கண்டவர்கள், எந்தப் பத்திரிகையில் இருந்தாலும், அடுத்தது நாமோ என்று நினைத்தனர். அதன்பின் வந்தது கணினி. அச்சுக்கூடத்தில் எழுத்துப் பெட்டியின் முன் நின்று, பார்க்காமலே ஒவ்வோர் எழுத்தையும் எடுத்துக் கோக்கும் விரல்கள் படைத்த மனிதர்களுக்கு, அப்பெட்டியே அகற்றப்படும் நாள் தெரிந்துவிட்டது. நான் பணியாற்றிய இடத்தில் ஐம்பது வயதைத் தாண்டிய கோப்பாளர் ஒருவர், எவருக்கும் சொல்லாமல், தனது மகளின் தட்டச்சு வகுப்புக் குறிப்புகளை வைத்துக்கொண்டு இரவில் பழகினார். விசைப்பலகை இல்லை. கடதாசி மட்டையில் எழுத்துகளை வரைந்து அதன் மேல் விரல் ஓட்டினார். கணினி வந்த நாளில் அவரை அதன் முன் இருத்தியபோது எல்லோரும் வியந்தனர். அவருடன் நின்ற வேறு நால்வருக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை.

1980ஆம் ஆண்டு ஜூலை மாதத்துக்கு வருவோம். கொழும்பில் இளம் செய்தியாளனாக இருந்த எனக்கு, வேலை பறிபோதல் என்ற சொல்லின் முழு அர்த்தமும் விளங்கியது அப்போதுதான்.

1977இல் ஆறில் ஐந்து பெரும்பான்மையுடன் ஆட்சிக்கு வந்த ஜே. ஆர். ஜயவர்த்தனாவின் அரசாங்கம் பொருளாதாரத்தைத் திறந்துவிட்டிருந்தது. பண்டங்கள் கடைகளில் குவிந்தன, விலைகளும் ஏறின. பங்கீட்டு அரிசிக்குப் பதிலாக 1979இல் உணவு முத்திரை வந்தது. மாதச் சம்பளம் வாங்குபவன் மூச்சுத் திணறினான். மாதம் 300 ரூபா சம்பள உயர்வும், வாழ்க்கைச் செலவுச் சுட்டெண் ஏறும் ஒவ்வொரு புள்ளிக்கும் 5 ரூபா கொடுப்பனவும் வேண்டும் என்று தொழிற்சங்கங்கள் கோரின. ஜூன் 5ஆம் திகதி மதிய இடைவேளை மறியற் போராட்டத்தில் நடந்த தாக்குதலில் டி. சோமபால என்ற தொழிற்சங்கவாதி உயிரிழந்தார். ஜூலையில் இரத்மலானை றெயில்வே தொழிற்சாலையில் மூண்ட பிணக்கு பொது வேலைநிறுத்தமாக விரிந்தது. அரசாங்கம் அவசரகால நிலையைப் பிரகடனம் செய்து, பெரும்பாலான சேவைகளை அத்தியாவசிய சேவைகள் என அறிவித்தது.

அதன்பின் நிகழ்ந்ததை நுணுக்கமாகக் கவனிக்க வேண்டும். வேலைநிறுத்தக்காரர்கள் எவரும் பதவி நீக்கம் செய்யப்படவில்லை. குறித்த நாளில் வேலைக்குத் திரும்பாதவர்கள் "தமது பதவியைத் தாமாகவே வறிதாக்கியவர்களாகக் கருதப்படுவர்" என்று அறிவிக்கப்பட்டது. பதவி நீக்கம் என்றால் குற்றப் பத்திரம் வேண்டும், விசாரணை வேண்டும், பதில் சொல்ல அவகாசம் வேண்டும். தானே போய்விட்டவனுக்கு இவை எதற்கு? ஒரே வசனத்தினால் ஏறக்குறைய நாற்பதாயிரம் பேரின் வேலை இல்லாமற் போயிற்று. இருபது, இருபத்தைந்து ஆண்டுச் சேவையுடன் இருந்தோரும் அவர்களுள் அடங்குவர். தென்னிலங்கைச் சிங்களவரே அதிகம் எனினும், தமிழரும் முஸ்லிம்களும் அவர்களுடன் நின்றிருந்தனர். ஐம்பதுகளில் தமிழ் எழுதுவினைஞனுக்கு நேர்ந்ததைத் தள்ளி நின்று பார்த்தவர்களுக்கு, அதே கத்தி தமது கழுத்துக்கும் அளவானதுதான் என்பது இருபது ஆண்டுகள் கழித்துத் தெரிந்தது. இதனை நான் மகிழ்ச்சியுடன் எழுதவில்லை.

அந்த மாதங்களில் நான் கண்ட காட்சிகள் பல. கோட்டைப் புகையிரத நிலையத்துக்கு அருகில், நேற்றுவரை கோட்டும் கழுத்துப்பட்டியுமாகக் கந்தோர் சென்ற ஒருவர், நடைபாதையில் பழைய புத்தகங்களைப் பரப்பிக்கொண்டு இருந்தார். தெரிந்தவர் யாராவது வந்தால் புத்தகம் வாங்க வந்தவர் போல எழுந்து நின்றுகொள்வார். வீட்டில் வேலை போனதைச் சொல்லாமல், வழக்கம் போலக் காலையில் சாப்பாட்டுப் பார்சலுடன் புறப்பட்டு, விகாரமாதேவிப் பூங்காவில் மாலை வரை இருந்து திரும்பியவர்கள் உண்டு. தற்கொலைச் செய்திகளும் வந்தன. அவற்றை இரண்டு அங்குலத்துக்குச் சுருக்கி உள்பக்கத்திற் போட்டோம்.

வேலை இழந்தவர்களை விட, இழக்காதவர்களின் நடத்தையே என் மனத்தை அதிகம் வருத்தியது. வேலையில் மிஞ்சியிருந்தவர்கள் தமது பழைய நண்பர்களுடன் தேநீர்க் கடையில் ஒன்றாக நிற்கவும் அஞ்சினர். ஆளும் கட்சியின் ஜாதிக சேவக சங்கத்தில் அங்கத்துவ அட்டை வாங்கிக் கைச்சட்டைப் பையில் வைத்துக்கொண்டனர். பின்வந்த ஆண்டுகளில் கந்தோர்களில் ஓர் அமைதி நிலவியது. நாற்பதாயிரம் பேரை அனுப்பியதன் பயன், அனுப்பப்படாத இலட்சக்கணக்கானோரின் வாய் மூடியதே. ஆட்குறைப்பு என்பது போகிறவர்களுக்கு இழைக்கப்படுவது மட்டுமன்று. இருப்பவர்களை ஆளும் கருவியும் அதுவே. 1983 ஜூலையில் கொழும்பு எரிந்தபோது, அதனைத் தடுத்து வீதியில் இறங்கக்கூடிய பலமான தொழிற்சங்க இயக்கம் ஒன்று தெற்கில் எஞ்சியிருக்கவில்லை என்று இடதுசாரி நண்பர்கள் சிலர் கூறுவர். வேறு காரணங்களும் இருந்தன. ஆனால் அவர்கள் கூறுவதில் உண்மை இல்லாமலில்லை.

ஜூலை வேலைநிறுத்தக்காரர்களுட் சிலர் பின்னர் படிப்படியாக மீள எடுக்கப்பட்டனர். சேவைத் தொடர்ச்சியும் பென்சனும் கேட்டு அவர்கள் நடத்திய போராட்டம் பல அரசாங்கங்களைக் கடந்து நீடித்தது.

இத்தகைய அச்சத்துடன் மக்கள் எவ்வாறு வாழ்ந்தனர் என்று இளந்தலைமுறையினர் சிலர் என்னிடம் கேட்பதுண்டு. டொரொன்டோவிலும் இலண்டனிலும் கணினிக் கம்பனிகளில் பணியாற்றும் அவர்களுக்கு 2008இலும், 2023இலும் ஆட்குறைப்பு அலைகளைக் காணும் அனுபவம் கிட்டியிருக்கிறது. எனக்குத் தெரிந்தவற்றைச் சொல்கிறேன். எமது அரசாங்க ஊழியர் குடும்பங்கள் சம்பளம் வரும்போதே சம்பளம் வராத நாளுக்கான ஏற்பாட்டை வீட்டுக்குள் செய்துவந்தன. மனைவி ஆசிரியையாகப் பயிற்சி பெற்றாள். கொல்லையில் மாடும் மரவள்ளியும் இருந்தன. அயலவர் பத்துப் பேர் சேர்ந்து சீட்டுப் பிடித்தனர்; வேலைக்கு ஆபத்து வந்தவனுக்கு முதற் கழிவை விட்டுக்கொடுப்பது எழுதப்படாத வழக்கம். எண்பதுகளில் வேலை போன கணக்காளர்கள் நைஜீரியாவுக்கும் சாம்பியாவுக்கும், தொழில்நுட்பம் தெரிந்தவர்கள் மத்திய கிழக்குக்கும் போயினர். சங்கத்துக்கு மாதச் சந்தா கட்டியவர்கள், கடைசியில் ஒரு வழக்கறிஞரின் வாசலுக்காவது போக முடிந்தது. தனித்து நின்று, எவருக்கும் சொல்லாமல், பூங்கா வாங்கில் அமர்ந்திருந்தவர்களே அதிகம் உடைந்து போயினர்.

பழமொழியோ இன்னும் சாகவில்லை. பட்டதாரிகள் அரசாங்க நியமனம் கேட்டு யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் கொட்டகை போட்டு மாதக்கணக்கில் அமர்ந்திருந்ததை 2017இல் பார்த்தோம். 2022இல் திறைசேரி வற்றியபோது, அதே அரசாங்கம் தனது ஊழியர்களைப் பார்த்து, சம்பளமற்ற விடுமுறையில் ஐந்து ஆண்டுகள் வரை வெளிநாடு சென்று உழைக்கலாம் என்று சுற்றுநிருபம் வெளியிட்டது. கட்டாய ஓய்வு வயதை அறுபதுக்குக் குறைத்து, அவ்வாண்டின் இறுதி நாளில் பெருந்தொகையானோரை ஒன்றாக வீட்டுக்கு அனுப்பியது.

மேலே குறிப்பிட்ட தபாற் கந்தோர் உத்தியோகத்தரைப் பற்றி ஒரு தகவல். 1995 அக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது அவருக்கு எண்பது வயதை அண்மித்திருந்தது. நாவற்குழிப் பாலத்தை மழையில் கடந்த அந்தச் சனத்திரளில் அவரும் ஒருவர். சைக்கிளின் பின் கரியரில் அவரது மகன் கட்டிவந்தது ஒரு பை மட்டுமே. காணி உறுதி, பிள்ளைகளின் சாதகங்கள், பொலித்தீனில் சுற்றிய அந்தக் கோவை ஆகியன அதனுள் இருந்தன. மூன்று மாதம் கழித்து, சாவகச்சேரியில், பென்சன் கொடுக்கும் மேசையில் அடையாள அட்டையைத் தொலைத்தவர்கள் அழுதுகொண்டு நின்ற வரிசையில், 1938இல் ஆங்கிலத்தில் தட்டச்சுச் செய்யப்பட்ட தனது நியமனக் கடிதத்தை அவர் நீட்டினார்.